இரண்டு நாள் ஜிசிபி (மருந்துச் சோதனை நடைமுறை) பயிற்சி: 3,500 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், முழுசாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். சாப்பாட்டுக்கு 5-க்கு 4. இரண்டாம் நாள் காலை வகுப்புக்கு 5-க்கு 5. மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 2, அதுவும் ஏசி நன்றாக வேலை செய்ததால்.

நான் டாக்டர் இல்லை, ஓய்வு பெற்ற தமிழாசிரியை. மதுரைப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில், மனிதர்கள் மேல் நடக்கும் ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் எத்திக்ஸ் கமிட்டியில் நான்கு வருஷமாக ‘லே பெர்சன்’, அதாவது மருத்துவமும் அறிவியலும் தெரியாத சாதாரண ஆள் என்ற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் தெரியாது என்பதே தகுதியாக எனக்குக் கிடைத்த ஒரே பதவி இதுதான். கேலியாகச் சொல்லவில்லை, சட்டமே அப்படித்தான் கேட்கிறது. 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி கமிட்டியில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும், பாதிப்பேர் அந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்காதவர்களாக இருக்க வேண்டும். கூட்டம் செல்லுபடியாக ஐந்து பேர் போதும், ஆனால் அந்த ஐந்தில் சட்டம் தெரிந்தவரும் என்னைப் போன்ற சாதாரண ஆளும் இருந்தே ஆக வேண்டும். நான் காய்ச்சலில் படுத்தால், மருந்துச் சோதனைக்கு அனுமதி கொடுக்கும் கூட்டத்தைத் தள்ளி வைக்க வேண்டியதுதான். முதல் முறை இதைக் கேட்டபோது கொஞ்சம் தலைகனம்கூட வந்தது.

அதே விதிகள் உறுப்பினர்கள் பயிற்சி எடுக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. என் பழைய சான்றிதழ் காலாவதியாகப் போகிறது என்று கமிட்டிச் செயலர் நினைவூட்டினார். ‘டீச்சர், மாட்டுத்தாவணி பக்கம் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் ப்ரோகிராம் இருக்கு, போயிட்டு வந்துடுங்க’ என்றார். குட் கிளினிக்கல் ப்ராக்டிஸ், சுருக்கமாக ஜிசிபி. மனிதர்கள் மேல் மருந்தைச் சோதித்துப் பார்க்கும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும், எதை எழுதிவைக்க வேண்டும், யாரிடம் எப்படிச் சம்மதம் வாங்க வேண்டும் என்கிற உலகப் பொது நடைமுறை. நடத்தியது ஒரு தனியார் பயிற்சி நிறுவனம். பெயர் வேண்டாம், இந்த மாதிரி நிறுவனங்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கின்றன, இதைப் படிக்கிற ஒவ்வொருவருக்கும் அவரவர் போன இடம்தான் ஞாபகத்துக்கு வரும். கட்டணம் 3,500, ஜிஎஸ்டி தனி.

போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை காலை எட்டரைக்கே போய்விட்டேன். எண்பது பேர் இருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் பார்ம்-டி என்கிற மருந்தாளுநர் படிப்பை முடித்துவிட்டு ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர் வேலை தேடும் பிள்ளைகள், அவர்களுக்கு இந்தச் சான்றிதழ் பயோடேட்டாவில் ஒரு வரி. அப்புறம் முதுநிலை மருத்துவ மாணவர்கள், அவர்களுக்கு ஜிசிபியோடு கூடிய நெறிமுறைப் பயிற்சியை முதல் ஆண்டிலேயே முடிக்க வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் கட்டாயம். கமிட்டி உறுப்பினர்கள் என்று பார்த்தால் நானும், ஒரு வக்கீலும், இன்னும் இரண்டு பேரும்தான்.

வாசலில் ஒரு பெண் வருகைத்தாளை நீட்டினாள். நான்கு கட்டங்கள்: சனி காலை, சனி மாலை, ஞாயிறு காலை, ஞாயிறு மாலை. முதல் கட்டத்தில் போட்டுவிட்டுப் பேனாவைக் கொடுத்தேன். ‘நாலுலயும் போட்டுருங்க மேடம், அப்புறம் கூட்டம் ஆயிடும்’ என்றாள். போட்டேன். ஆமாம், நானும்தான் போட்டேன். பின்னால் இருபது பேர் நிற்கும்போது நியாயம் பேசத் தோன்றவில்லை. இந்தக் கையெழுத்துகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மதியம் மறுபடியும் வரும்.

காலை வகுப்பு வரலாறு. எந்த ஜிசிபி வகுப்புக்குப் போனாலும் இந்த ஒரு மணி நேரம் மாறாது. 1947 நூரம்பெர்க், நாஜி டாக்டர்கள் மீதான வழக்கு, ‘தானாக முன்வந்து தரும் சம்மதம் இல்லாமல் எந்தச் சோதனையும் கூடாது’ என்கிற முதல் விதி. 1964 ஹெல்சிங்கி, மனிதர்கள் மேல் ஆராய்ச்சி செய்யும் டாக்டர்களுக்கான உலகப் பிரகடனம். பிறகு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டஸ்கிகீ: 1932-இல் தொடங்கி 1972 வரை கருப்பின ஏழை ஆண்களின் சிஃபிலிஸ் நோயை, பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று நாற்பது வருஷம் பார்த்துக்கொண்டிருந்த கதை. அதன் பிறகு அமெரிக்கா ஆராய்ச்சி நெறிமுறைகளை வகுத்த 1979 பெல்மாண்ட் அறிக்கை. டீ ப்ரேக். சொன்னவர் நன்றாகத்தான் சொன்னார். ஆனால் இதைக் கேட்டுவிட்டு வெளியே வருகிற பிள்ளைக்கு, தப்பெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டில் நடந்தது, நமக்கு அதிலிருந்து வந்த படிவங்களை நிரப்புகிற வேலை மட்டும்தான் என்ற எண்ணம் வராமல் என்ன செய்யும்?

டீ நேரத்தில் வக்கீல் இதையேதான் சொன்னார். வகுப்பு மறுபடி தொடங்கியதும் எழுந்து கம்மம் விவகாரத்தைக் கேட்டார். சொல்பவருக்கு அது பாடத்தில் இல்லை, ‘நல்ல கேள்வி, கடைசியில் பார்ப்போம்’ என்றார். கடைசி வரவேயில்லை. நான் சொல்கிறேன். 2009-இல் அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போட்டு ஒரு ஆய்வு நடந்தது. பல பிள்ளைகள் அரசு விடுதிகளில் இருந்தவர்கள். 2013-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று கொடுத்த அறிக்கையில் ஆந்திராவின் சம்மதப் படிவங்களைப் பற்றிய கணக்கு இருக்கிறது: 9,543 படிவங்களில் 2,763-இல் கையெழுத்துப் போட்டது விடுதிக் காப்பாளர்கள். சிறுமிகள் சிலர் இறந்தும் போனார்கள். ஊசிக்கும் அந்த இறப்புகளுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றுதான் விசாரணையில் வந்தது, ஊசியும் நல்ல ஊசிதான், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற ஊசி. தகராறு ஊசியில் இல்லை, அந்தக் கையெழுத்தில். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் என்ற முறையில் எனக்கு இது சுருக்கென்று குத்துகிறது. சுற்றுலாவுக்கு, போட்டோவுக்கு, பேச்சுப்போட்டிக்கு என்று பெற்றோர் கையெழுத்து வாங்கி வராத பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன செய்திருக்கிறோம் என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் காப்பாளர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ‘மேலிடத்திலிருந்து வந்தது, நல்லதுக்குத்தான்’ என்ற ஒரு நினைப்பு போதும்.

அதைவிடப் பக்கத்தில் திண்டுக்கல் இருக்கிறது, அதைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை. 2000 வாக்கில் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு. கிராமங்களை 114 தொகுதிகளாகப் பிரித்து 57-இல் பயிற்சி பெற்ற நர்ஸுகள் பெண்களின் கருப்பை வாயில் வினிகர் மாதிரியான அமிலத்தைத் தடவி வெள்ளையாக மாறுகிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். மற்ற 57-இல் வழக்கமான கவனிப்பு மட்டும், இந்தப் பரிசோதனை கிடையாது. 2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: பரிசோதித்த பக்கம் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைவு. ஏழை நாட்டுக்குக் கட்டுப்படியாகிற ஒரு வழி கிடைத்தது, பெரிய விஷயம். ஆனால் பரிசோதிக்கப்படாத 30,958 பெண்கள்? அவர்களுக்கும் ஏதாவது ஒரு பரிசோதனை கொடுத்திருக்க வேண்டும் என்று பின்னால் வெளிநாட்டிலிருந்தும் உள்நாட்டிலிருந்தும் கேள்வி வந்தது. அப்போது அந்தக் கிராமங்களில் எந்தப் பரிசோதனையும் இல்லையே, எதையும் பறித்துக்கொள்ளவில்லையே என்பது மறுபக்கப் பதில். எனக்கு இன்றுவரை ஒரு முடிவு எட்டவில்லை. ஆனால் எண்பது பேரை ஒரு அறையில் இரண்டு நாள் உட்கார வைக்கிறீர்கள், பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போகக்கூடிய ஊரில் நடந்ததை விட்டுவிட்டு அலபாமாவுக்கு ஏன் போக வேண்டும்?

ஸ்லைடுகள் பழசு என்பது அடுத்த குறை. ஜிசிபியின் மூன்றாம் திருத்தம் 2025 ஜனவரியில் முடிவாகிவிட்டது, ஹெல்சிங்கி பிரகடனத்துக்கு 2024 அக்டோபரில் புதுப் பதிப்பு வந்துவிட்டது. திரையில் ஓடியது 2016-இன் இரண்டாம் திருத்தமும் 2013 ஹெல்சிங்கியும். இதில் எனக்கு மட்டும் தோன்றிய ஒரு நஷ்டம் உண்டு. புதியவை இரண்டிலும் ‘சப்ஜெக்ட்’ என்ற சொல்லைத் தூக்கிவிட்டுப் ‘பங்கேற்பாளர்’ என்று வைத்திருக்கிறார்கள். தமிழில் யோசித்துப் பாருங்கள், ‘உட்படுத்தப்படுபவர்’ என்பதற்கும் ‘பங்கேற்பவர்’ என்பதற்கும் எவ்வளவு தூரம். ஒன்று செயப்பாட்டுவினை, இன்னொன்று செய்வினை, ஏழாம் வகுப்பு இலக்கணத்திலேயே விஷயம் முடிந்துவிட்டது. இதைப் பத்து நிமிஷம் பேசியிருந்தாலே அந்தக் காலை உருப்பட்டிருக்கும்.

மதியச் சாப்பாடு: சைவம், வத்தக்குழம்பு பிரமாதம், பாயசம் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். ஒரு மார்க் குறைத்தது அப்பளம் நமுத்துப் போனதால்.

சாப்பாட்டுக்குப் பிறகு ‘அல்கோவா’. ஆவணங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐந்து ஆங்கில வார்த்தைகளின் முதலெழுத்துகள்: யார் எழுதியது என்று தெரிய வேண்டும், படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், நடந்த அப்போதே எழுதியதாக இருக்க வேண்டும், மூலப்பதிவாக இருக்க வேண்டும், சரியாக இருக்க வேண்டும். தப்பாக எழுதினால் வைட்னர் கூடாது, கீழே இருப்பது தெரிகிற மாதிரி ஒரே கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். மதிப்பெண் பதிவேடு எழுதிய எந்த வாத்தியாருக்கும் இது புதுசில்லை. ‘நாளைக்கு நடக்கப்போவதற்கு இன்றைக்கே கையெழுத்துப் போடுவது மோசடி’ என்று சொல்பவர் அழுத்திச் சொன்னபோது நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்த மேசையில் ஞாயிறு மாலை வரைக்கும் எண்பது பேரும் வந்துவிட்டதாகச் சொல்லும் தாள் கிடந்தது. என் பக்கத்தில் இருந்த பார்ம்-டி பையனுக்கும் அதே யோசனை ஓடியிருக்கிறது, என்னைப் பார்த்துச் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை அறுபது பேர்கூட வரவில்லை, அது வேறு விஷயம்.

நஷ்டஈட்டுக் கணக்கு வந்தபோதுதான் அறை விழித்தது. மருந்துச் சோதனையால் ஒருவர் இறந்துபோனால் குடும்பத்துக்கு எவ்வளவு என்று விதிகளில் ஒரு சூத்திரமே இருக்கிறது. அடிப்படைத் தொகை 8 லட்சம், அதை வயதுக்கான எண்ணாலும் நோயின் தீவிரத்துக்கான எண்ணாலும் பெருக்கி 99.37-ஆல் வகுக்க வேண்டும். அந்த 99.37 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். 65-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான வயது எண்ணே அதுதானாம். அதாவது என் வயதுக்காரி என்றால் மேலும் கீழும் அடித்துப் போய்விடும், நோயின் எண் மட்டும் மிஞ்சும். நல்ல ஆரோக்கியத்தோடு சோதனைக்குப் போய்ச் செத்தால் எண் 4, ஆகவே 32 லட்சம். ஏற்கெனவே சாகக் கிடந்தவள் என்றால் எண் அரை, 4 லட்சம். நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். ஆனால் இந்தச் சூத்திரம் சும்மா வந்ததில்லை என்பதையும் சொல்லியிருக்கலாம். மருந்துச் சோதனைகளில் இறந்தவர்களுக்காக 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்கு ஒன்று இருக்கிறது, நஷ்டஈட்டு விதிகள் இறுகியதும், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் புது வேதிப்பொருள்களைச் சோதிக்கும்போது சம்மதத்தை வீடியோ எடுக்க வேண்டும் என்று வந்ததும் அந்தக் காலத்தில்தான். அது இல்லாமல் சூத்திரத்தை மட்டும் காட்டினால் எல்ஐசி பாலிசி விளக்கம் மாதிரிதான் இருக்கிறது, அப்படித்தான் இருந்தது.

சரி, ஞாயிறு காலைக்கு வருகிறேன். 5-க்கு 5 கொடுத்த வகுப்பு.

எடுத்தவர் சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா, நர்ஸாக இருந்து ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர் ஆனவர். ஸ்லைடே போடவில்லை. ஒரு தமிழ் சம்மதப் படிவத்தை எல்லோருக்கும் கொடுத்தார், எந்த நிறுவனத்துடையது என்பதை மறைத்துவிட்டு. ‘யாராவது ஒரு டாக்டர் வாங்க, யாராவது ஒரு பேஷண்ட் வாங்க’ என்றார். முதுநிலை மாணவர் ஒரு தம்பி டாக்டராகவே போனார். பேஷண்ட்டாக என்னைத் தள்ளிவிட்டார்கள். சர்க்கரை நோய்க்கான புது மாத்திரை, பழைய மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை. நான் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிழவி, படிப்பு கிடையாது.

தம்பி படிவத்தைப் பார்த்தே தொடங்கினார். ‘அம்மா, இது ஒரு இரட்டைக் குருட்டு ஆய்வு.’

‘யாருப்பா குருடு?’

அறையே சிரித்தது. தம்பி நல்ல பிள்ளை, அவரும் சிரித்துவிட்டு, ‘நீங்க எந்த மாத்திரை சாப்பிடுறீங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது’ என்றார்.

‘உனக்கே தெரியாதுன்னா அப்புறம் நீ என்ன டாக்டர்?’

இதற்கு அவரிடம் பதில் இருந்தது, ஆனால் கொஞ்ச நேரம் ஆனது. அடுத்த வரி: ‘நீங்கள் சீரற்ற முறையில் இரண்டு குழுக்களில் ஒன்றில் சேர்க்கப்படுவீர்கள்.’ சீரற்ற முறை! ஆங்கிலத்தில் ‘ரேண்டம்’ என்று இருந்ததை யாரோ அகராதியில் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். சீரற்ற என்றால் நம்மூரில் என்ன அர்த்தம்? ஒழுங்கில்லாத, கன்னாபின்னா. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து உன்னைக் கன்னாபின்னாவென்று ஒரு கும்பலில் சேர்ப்போம் என்று எழுதிக்கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். வேறு எப்படிச் சொல்லலாம் என்று அந்த அம்மா அறையைக் கேட்டார். ஒரு பெண் ‘குலுக்கல் முறை’ என்றாள். நான் கிழவியாகவே இருந்து, ‘விழுந்தா நல்ல மாத்திரையா, விழாட்டி வெறும் மாத்திரையா?’ என்றேன். குலுக்கல் என்றால் பரிசு, அது எல்லோர் மண்டையிலும் ஏறியிருக்கிறது. ‘பூவா தலையா’ என்றார் இன்னொருவர், விளையாட்டாகத் தெரிகிறது என்று விட்டோம். கடைசியில் தம்பியே சொன்னார்: ‘எந்த மாத்திரைன்னு நான் முடிவு பண்ண மாட்டேன்மா, நீங்களும் முடிவு பண்ண முடியாது, கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கும். ரெண்டுல எது நல்லதுன்னு இப்ப எங்களுக்கே தெரியாது, அதைத் தெரிஞ்சுக்கத்தான் இது.’ படிவத்தில் மூன்று பத்தியாக இருந்த விஷயம் இவ்வளவுதான்.

பிறகு நான் கேட்டேன், இது நடிப்புக்காகக் கேட்டதில்லை, என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் கேட்டிருப்பார்: ‘வேண்டாம்னு சொன்னா நாளைக்கு எனக்கு ஓ.பி. சீட்டுப் போடுவீங்களா?’

‘உங்கள் வழக்கமான சிகிச்சை எந்த விதத்திலும் பாதிக்கப்படாது’ என்று படிவத்தில் இருந்த வரியை அவர் படித்தார். அந்த அம்மா நிறுத்தச் சொன்னார். ‘வாசிச்சுக் காட்டாதீங்க டாக்டர், முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. அவங்க பயப்படுறது படிவத்தைப் பார்த்து இல்ல, உங்களைப் பார்த்து.’ அறையில் சத்தமே இல்லை.

கடைசியில் நான் எல்லாப் பாட்டிகளும் சொல்வதைச் சொன்னேன்: ‘எனக்கு என்னப்பா தெரியும், நீயே பார்த்து எது நல்லதோ செய்.’ தம்பிக்கு முகம் மலர்ந்தது, பேனாவை நீட்டினார். அங்கேதான் அந்த அம்மா பிடித்தார். இது சம்மதமே இல்லை, இந்த வார்த்தை வந்தால் படிவத்தை மூடிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். ஏனென்றால் கிழவி இன்னும் இதைத் தனக்கான வைத்தியம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள், தான் ஒரு கேள்விக்குப் பதில் தேட உதவப் போகிறவள் என்பது அவளுக்குப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஒரே வழி, அவளையே திருப்பிச் சொல்ல வைப்பது. ‘நான் சொன்னது உங்க வீட்ல மகன்கிட்ட எப்படிச் சொல்வீங்க, சொல்லுங்க பார்ப்போம்’ என்று கேட்கச் சொன்னார். வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனை எழுப்பிக் கேட்பதுதான், எங்களுக்குத் தெரிந்த வித்தை.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கைநாட்டு மட்டும் போதாது, சம்பந்தப்படாத ஒரு சாட்சி தொடக்கத்திலிருந்து கூடவே இருந்து கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், கடைசி நிமிஷம் வார்டிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுப் போட வைப்பது செல்லாது. எழுதத் தெரிந்தவர் என்றால் தேதியைப் பங்கேற்பவர்தான் தன் கையால் எழுத வேண்டும், ஒருங்கிணைப்பாளர் எழுதிக் கொடுக்கக் கூடாது. ஒரு நகல் அவர் கையில் போக வேண்டும். குழந்தைகள் என்றால் பெற்றோர் சம்மதம் தவிர, ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி ஏழு வயதிலிருந்து பிள்ளையிடமும் வாய்மொழியாகக் கேட்க வேண்டும், பன்னிரண்டிலிருந்து எழுத்திலேயே வாங்க வேண்டும். இதெல்லாம் வேகமாகச் சொல்லிவிட்டுப் போனார், ஆனால் எல்லாம் நின்றது. ஒன்றே கால் மணி நேரம். இந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லா வகுப்பும் ஆங்கிலத்தில். சம்மதம் வாங்குவது தமிழில், அதற்கான பயிற்சி ஆங்கிலத்தில் என்று வைத்தால் ‘சீரற்ற’ தவிர வேறென்ன வரும்?

இடைவேளையில் அவரிடம் போய் என் பழைய சந்தேகத்தைக் கேட்டேன். கமிட்டிக்கு வரும் தமிழ்ப் படிவங்களோடு ‘பேக் டிரான்ஸ்லேஷன்’ என்று ஒன்று வரும், தமிழை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி, மூலத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு. எனக்குத் தெரிந்து தமிழ் எவ்வளவு மட்டமோ அவ்வளவு அழகாகப் பொருந்தும். ‘சீரற்ற’ நேராக ‘ரேண்டம்’ ஆகிவிடும், ‘இரட்டைக் குருட்டு’ நேராக ‘டபுள் பிளைண்ட்’ ஆகிவிடும். தம்பி சொன்ன மாதிரி மனுஷ பாஷையில் எழுதினால்தான் பொருந்தாது, கேள்வி வரும். அந்த அம்மா சிரித்தார். ‘அதுக்குத்தானே உங்களைக் கமிட்டில வெச்சிருக்காங்க’ என்றார்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடுமையான பாதிப்பு ஏதாவது நடந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதை மூன்று பேர் மூன்று தடவை சொன்னார்கள். கடைசித் தேர்வு இருபது கேள்வி. கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்து ‘இது சி-யா டி-யா, யோசிச்சுப் பாருங்க, சி-ன்னு ஆரம்பிக்கும்’ என்கிற ரீதியில் நடத்தினார்கள். எண்பது பேரும் தேர்ச்சி, வராதவர்கள் உட்பட. சான்றிதழ் ஏற்கெனவே அச்சடித்துக் கட்டி வைத்திருந்தார்கள். என்னுடையதில் முதலெழுத்து தப்பு. சொன்னேன். அந்தப் பெண் மேசைக்கு அடியிலிருந்து எடுத்தது என்ன தெரியுமா? வைட்னர். வேண்டாம் தாயே, புதுசாக அடித்துத் தபாலில் அனுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்து வந்தது, சரியாகவே இருந்தது.

காசு போட்டுப் போகலாமா என்றால், வேலை தேடும் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் மட்டும் வேண்டுமென்றால் போக வேண்டாம். அமெரிக்காவின் நைடா என்கிற போதைப்பழக்க ஆராய்ச்சி நிறுவனம் ஜிசிபி பாடத்தை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, பன்னிரண்டு பகுதி, சுமார் ஆறு மணி நேரம், சான்றிதழ் மூன்று வருஷத்துக்கு. அமெரிக்கச் சட்டத்தை வைத்து எழுதியது, நம் விதிகள் அதில் வராது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். குளோபல் ஹெல்த் டிரெய்னிங் சென்டர் என்கிற இணையதளத்திலும் இலவசம், அதில் 80 சதவீதம் எடுத்தால்தான் சான்றிதழ், யாரும் ‘சி’ என்று சொல்லித்தர மாட்டார்கள். ஆராய்ச்சியே எப்படி நடக்கிறது என்று அடியிலிருந்து புரிய வேண்டுமென்றால் சென்னை அயப்பாக்கத்தில் இருக்கிற ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் என்பிடெல் என்கிற இணைய வகுப்புத் தளம் வழியாகப் போட்ட ‘ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்’ வீடியோக்கள் இருக்கின்றன. மாதிரி அளவு, ஆய்வு வகைகள், நெறிமுறை எல்லாம் சிறு சிறு பாடங்களாக, நிதானமான ஆங்கிலத்தில். என் மாதிரி ஆளே இரண்டு தடவை பார்த்துப் பிடித்துக்கொண்டேன் என்றால் பாருங்கள். ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டி நூலும் இலவசப் பிடிஎஃப், கமிட்டி உறுப்பினர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் படிக்க வேண்டியது அதுதான். உங்கள் ஆஸ்பத்திரியில் நடப்பது பதிவான சோதனைதானா என்று பார்க்க சிடிஆர்ஐ, அதாவது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் தளம், அதை யாரும் திறந்து பார்க்கலாம், 2009 ஜூனிலிருந்து இங்கே பதிவு கட்டாயம்.

இணையத்தில் கிடைக்காதது அந்த ஒன்றே கால் மணி நேரம்தான். அந்த அம்மா வருகிறார் என்று தெரிந்தால் ஞாயிறு காலைக்கு மட்டும் 3,500 கொடுத்தும் போகலாம். அழைப்பிதழில் பேச்சாளர் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், டாக்டர் பட்டம் எத்தனை என்று பார்க்காதீர்கள், வார்டில் நின்று சம்மதம் வாங்கிய ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள்.

ஆவணியில் எங்கள் கமிட்டி கூடியது. எட்டு ஆய்வுகள், அதில் ஐந்தாவது ஒரு முதுநிலை மாணவியுடையது, தமிழ்ப் படிவம் இரண்டாம் பக்கத்தில் அதே ‘சீரற்ற முறையில்’. பேக் டிரான்ஸ்லேஷன் கச்சிதம். மருந்தியல் பேராசிரியர் ‘மைனர் கரெக்‌ஷன் போட்டு அப்ரூவ் பண்ணிடலாமே டீச்சர்’ என்றார். நான் அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிடச் சொன்னேன், எதிரில் நாற்காலியைப் போட்டு, ‘நான்தான் உன் பேஷண்ட், உசிலம்பட்டி, சொல்லு’ என்றேன். அந்த ஒரு ஆய்வுக்கு மட்டும் நாற்பது நிமிஷம் ஆனது, டீ ஆறிப்போனது என்று தலைவருக்கு இன்னும் என்மேல் கோபம்.